கீழன்னா எந்தக் கீழ?

பொங்கல் லீவு முடிஞ்சு சென்னைக்கு வந்து மூணு வாரம் ஆச்சு. தெரிஞ்சவங்க, சொந்தக்காரங்க, பாப்பாவோட ஃப்ரெண்டு அம்மாங்க, எல்லாரும் ஒரே கேள்வி. "சென்னைய விட்டு எங்க குடி போறதுன்னு முடிவு பண்ணிட்டீங்களா, மதுரையா கோயம்புத்தூரா?" ஒவ்வொருத்தருக்கா டைப் பண்ணிப் பண்ணி கட்டைவிரல் தேஞ்சு போச்சு, அதான் மொத்தமா இங்க எழுதிடறேன். நீளமாத் தான் போகும், ஒரு காபி போட்டுக்கிட்டு வந்து உக்காருங்க.

எங்க அம்மா வீடு பெருமாள்மலை. கொடைக்கானலுக்கு ஒரு 12 கிலோமீட்டர் முன்னாடி வரும், டூரிஸ்ட்டுங்க டீ குடிக்க நிறுத்துவாங்களே அந்த ஜங்ஷன்ல இருந்து கொஞ்சம் மேட்டுல ஏறணும். அந்த ஜங்ஷன்ல தான் ரோடு ரெண்டாப் பிரியும். ஒண்ணு ஊத்து, டம்டம் பாறை எல்லாம் தாண்டி வத்தலகுண்டு போய் அப்படியே மதுரைக்கு, இன்னொண்ணு வடகவுஞ்சி, சவரிக்காடு வழியா பழனில இறங்கி உடுமலை, பொள்ளாச்சி, கோயம்புத்தூர். எங்கப்பா லாரி ஓட்டுனவரு, கேரட்டும் முட்டைக்கோசும் ஏத்திக்கிட்டு ஒரு நாள் மதுரை மார்க்கெட், ஒரு நாள் ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுன்னு போவாரு. சாயங்காலம் ஜங்ஷன் பாலத்துச் சுவத்துல உக்காந்து எந்தப் பக்கத்துல இருந்து அப்பா லாரி வரும்னு நானும் தம்பியும் பந்தயம் கட்டுவோம். நாப்பது வயசு நெருங்குறப்ப அதே ஜங்ஷன்ல நின்னு குடும்பத்தோட எந்தப் பக்கம் இறங்குறதுன்னு மண்டைய ஒடச்சுக்குவேன்னு அப்பத் தெரியாது.

சென்னைய விட்டுப் போறதுக்குக் காரணம் பெருசா எழுத ஒண்ணுமில்ல, எல்லாரும் சொல்ற அதே காரணம் தான். 14 வருஷம் இருந்தாச்சு. 2019 கோடைல குடத்தோட லாரி பின்னாடி ஓடுனது, 2023 டிசம்பர்ல மிக்ஜாம் வந்தப்ப மேடவாக்கத்துல எங்க அபார்ட்மெண்ட் பார்க்கிங்ல இடுப்பளவு தண்ணி நின்னு மூணு நாள் கரண்ட் இல்லாம பாப்பாவுக்கு மெழுகுவத்தி வெளிச்சத்துல பிஸ்கட் குடுத்தது, ரெண்டு பேர் வண்டியும் மூழ்கி ஒண்ணு மறுபடி ஸ்டார்ட்டே ஆகாதது. அதுக்கப்புறமும் ரெண்டு வருஷம் இருந்தோம்ங்கறது வேற விஷயம். நகரத்த விட்டுப் போறேன்னு சொல்றது ஈசி, ஸ்கூல் டிசி வாங்குறது தான் கஷ்டம். இந்த வருஷம் பாப்பா அஞ்சாவது முடிக்கிறா, எப்படியும் ஆறாவதுக்கு ஸ்கூல் மாத்தணும், இப்ப விட்டா அப்புறம் பத்தாவது பன்னெண்டாவதுன்னு ஓடிரும்.

எங்க வீட்டுக்காரரு தாம்பரத்துல பொறந்து வளந்தவரு, மலை, கீழ எல்லாம் அவருக்கு டூர் தான். சாஃப்ட்வேர் வேலை. அவரு கம்பெனிக்குக் கோயம்புத்தூர்ல ஒரு ஆபீஸ் இருக்கு, மதுரைல இல்ல. நான் வீட்ல இருந்தே நாலஞ்சு கடைகளுக்கு ஜிஎஸ்டி ஃபைலிங், கணக்கு வழக்கு பாக்குறேன், எனக்கு லேப்டாப்பும் நெட்டும் இருந்தா போதும், எந்த ஊரா இருந்தாலும் 20ஆம் தேதி 20ஆம் தேதி தான். அதனால பேப்பர்ல பாத்தா இதுல யோசிக்கவே ஒண்ணுமில்ல, கோயம்புத்தூர் தான். அவரு பேப்பர்ல இல்ல, எக்செல்லயே போட்டுட்டாரு. 14 ரோ. வேலை, ஸ்கூல், தண்ணி, வெயில், ட்ராஃபிக், வீட்டு வாடகை, ஏர்போர்ட், ஆஸ்பத்திரின்னு ஒவ்வொண்ணுக்கும் பத்துக்கு மார்க். பதிமூணாவது ரோவுல "அத்தை வீட்டுக்கு தூரம்". மெட்ரோன்னு ஒரு ரோ இருந்துச்சு, 2025 நவம்பர்ல ரெண்டு ஊரு மெட்ரோ திட்டத்தையும் 2011 கணக்குப்படி 20 லட்சம் ஜனத்தொகை இல்லன்னு மத்திய அரசு திருப்பி அனுப்பிட்டாங்கள்ல, அன்னைக்கு ரெண்டுக்கும் முட்டை போட்டுட்டு "இதுல மட்டும் டை"ன்னு சிரிச்சாரு. ஆஸ்பத்திரி ரோவும் கிட்டத்தட்ட டை தான். அம்மா கண்ணு ஆபரேஷன் பண்ணிக்கிட்டது மதுரை அரவிந்த்ல, 1976ல 11 படுக்கையோட டாக்டர் வெங்கடசாமி ஆரம்பிச்ச அதே ஆஸ்பத்திரி, எங்க மலைல கண்ணுல பொறை விழுந்தவங்க பாதிப் பேர் அங்க போய் வந்தவங்க தான். ஆனா அரவிந்த் கோயம்புத்தூர்லயும் இருக்கு. கடைசில டோட்டல் கோயம்புத்தூர் 104, மதுரை 88.

நான் அக்கவுண்ட்ஸ் ஆளு, எனக்கு டோட்டல பாத்தா பயம் வராது. எந்த ரோவுக்கு எவ்ளோ வெயிட்டேஜ்னு கேட்டேன். எல்லாத்துக்கும் ஒண்ணு தான்னாரு. ஏர்போர்ட்டும் எங்கம்மாவும் ஒரே வெயிட்டு. நாம வருஷத்துக்கு எத்தன தடவை ப்ளேன் ஏறுறோம்னு கேட்டேன், பதில் இல்ல.

சரி, நேர்ல பாத்துட்டு முடிவு பண்ணுவோம்னு பொங்கலுக்கு அம்மா வீட்டுக்குப் போறப்ப பத்து நாள் லீவு போட்டோம். ஜனவரில எங்க ஊரு எப்படி இருக்கும்னு சொன்னாப் புரியாது. ராத்திரி ரெண்டு கம்பளி, காலைல புல்லு மேல பனி வெள்ளையாப் படுத்துக் கெடக்கும், பத்து மணி வரைக்கும் வாயத் தொறந்தா புகை. காபி பழம் பறிக்கிற சீசன் வேற, அம்மாவுக்கு இருக்குற முப்பது சென்ட்டுல சில்வர் ஓக்கு நிழல்ல கொஞ்சம் காபிச் செடி, நாலஞ்சு மலைவாழை, வேலி நெடுக சௌசௌ கொடி. வாசல்ல தார்ப்பாய் விரிச்சு காபிக்கொட்டை காஞ்சுக்கிட்டு இருந்துச்சு. அம்மா வாக்கர் வெச்சுக்கிட்டு அதச் சுத்தி வந்து கோழி விரட்டிக்கிட்டு இருந்தாங்க. வாக்கர் கதைக்கு அப்புறம் வர்றேன்.

கோயம்புத்தூருக்குப் பொங்கலுக்கு ரெண்டு நாள் முன்னாடி போனோம். பழனி ரோட்ல இறங்குறது அழகு, சவரிக்காடு தாண்டுனா கீழ வரதமாநதி அணை தட்டுல ஊத்துன தண்ணி மாதிரி தெரியும். ஆனா ரோடு குறுகல், எங்கப்பாவுக்கு அந்த ரோடு பிடிக்கவே பிடிக்காது, லோடு வண்டியோட அதுல இறங்கறதுன்னா முந்தின நாளே மூஞ்சி மாறிரும். பழனில இறங்கின உடனே பாதயாத்திரைக் கூட்டம். இந்த வருஷம் தைப்பூசம் பிப்ரவரி 1, ஜனவரி நடுவுலயே நடக்க ஆரம்பிச்சுட்டாங்க, பொள்ளாச்சி உடுமலை ரோட்ல ஓரம் முழுக்க பச்சை வேட்டி, காவி வேட்டி, காவடி, தோள்ல தூங்குற குழந்தை, ஸ்பீக்கர் கட்டின டாடா ஏஸ். நாங்க மேற்க போறோம், அவங்க எல்லாரும் கிழக்க வர்றாங்க. கார் இருபதுல தான் போச்சு. எனக்குக் கோவமெல்லாம் வரல, எங்க தாத்தாவும் அப்படி நடந்தவரு தான், ஆனா மனசுக்குள்ள ஒரு கணக்கு ஓடுச்சு, தைப்பூசத்துக்கு இப்படின்னா பங்குனி உத்திரத்துக்கு எப்படின்னு.

கோயம்புத்தூர் நல்ல ஊரு. இதுல எனக்கு மாத்துக்கருத்தே இல்ல. பாலக்காட்டுக் கணவாய் வழியா வர்ற காத்து பேசிக்கிட்டே இருக்கற மாதிரி இருக்கும், சென்னைல பதினாலு வருஷமா அப்படி ஒரு காத்து என் மேல பட்டதில்ல. அவினாசி ரோடு புது மேம்பாலம், ஜி.டி.நாயுடு பேரு வெச்சிருக்காங்களே, உப்பிலிபாளையத்துல ஏறி கோல்ட்வின்ஸ்ல இறங்குறோம், 10 கிலோமீட்டர், பாப்பா "அதுக்குள்ள முடிஞ்சுருச்சா"ங்கறா. சரவணம்பட்டில அவரு ஃப்ரெண்டு வீட்ல தங்கி மூணு வீடு பாத்தோம், அப்புறம் வடவள்ளி பக்கம் ரெண்டு. சிறுவாணித் தண்ணின்னு நான் வேற ஊரெல்லாம் சொல்லிட்டு வந்தேன், அங்க போனா எல்லா ஏரியாவுக்கும் சிறுவாணி கிடையாது, பில்லூர்த் தண்ணி வர்ற ஏரியா நிறையன்னு தெரிஞ்சுது. குடிச்சுப் பாத்தா ரெண்டுமே மேடவாக்கம் லாரித் தண்ணிக்கு முன்னாடி அமிர்தம் தான், அத விடுங்க.

வடவள்ளில ஒரு வீட்டுக்காரம்மா, "வாங் கண்ணு, காபி குடிக்கிறீங்ளா, பாப்பாவுக்குப் பாலுங்ளா"ன்னு அவ்ளோ மரியாதையா உக்கார வெச்சாங்க, மாடில இருந்து மருதமலை தெரியுது, எனக்கு அங்கயே பால் காய்ச்சிரலாம் போல இருந்துச்சு. காபி குடிச்சு முடிச்சதும் அதே மரியாதையோட, "தப்பா நெனச்சுக்காதீங், நீங்க என்ன ஆளுங்க?"ன்னு கேட்டாங்க. எங்க வீட்டுக்காரரு டம்ளர மெதுவா கீழ வெச்சுட்டு, "வர்றோங்க"ன்னு எந்திரிச்சுட்டாரு. இத வெச்சு கோயம்புத்தூருக்கு மார்க் குறைக்க முடியாது, ஏன்னா மதுரைலயும் கேட்டாங்க. அங்க சுத்தி வளைக்கல, ஃபோன்லயே கேட்டுட்டாங்க, பெட்ரோல் மிச்சம். எக்செல்ல இதுக்கு ஒரு ரோ போடுங்கன்னு சொன்னேன், ரெண்டுக்கும் முட்டைன்னாரு. மெட்ரோவுக்கு அப்புறம் அது ரெண்டாவது டை.

மதுரைக்குப் போனது காணும் பொங்கல் அன்னைக்கு. இதுல என் முட்டாள்தனம் தான், ஜனவரி 17 அலங்காநல்லூர் ஜல்லிக்கட்டுன்னு தெரிஞ்சவ தானே நான். பேசி வெச்ச புரோக்கர் ஃபோன எடுக்கவே இல்ல, பதினோரு மணிக்கு அவரே கூப்புட்டு, "அக்கா, மாடு விட்டுட்டு இருக்காங்கக்கா, நாலு மணிக்கு மேல வந்துர்றேன், கோச்சுக்காதீங்க"ங்கறாரு, பின்னாடி மைக் சத்தம். விளாங்குடில நாங்களா தேடிப் போன ஒரு வீட்ல ஓனர் டிவிய விட்டு எந்திரிக்கல. "உக்காருங்க தம்பி, இந்த மாட்ட மட்டும் பாத்துக்கிறேன்." அந்த மாடு ஒருத்தர் கைலயும் சிக்காம போயிருச்சு, அந்த சந்தோஷத்துல வீட்டத் தொறந்து காட்டி வாடகைல 500 ரூபா அவரே குறைச்சாரு. எங்க வீட்டுக்காரரு சிரிச்ச சிரிப்புல, சரி, இவரு மதுரைக்கு மசியப் போறாருன்னு எனக்கு லேசா ஒரு நம்பிக்கை வந்துச்சு.

ஆனா வெயில். ஜனவரிங்க. காலைல பெருமாள்மலைல ஸ்வெட்டர் போட்டு ஏறுன பாப்பா வத்தலகுண்டுல அதக் கழட்டுனா, வாடிப்பட்டில ஜன்னல ஏத்தி ஏசி போடச் சொன்னா, அரப்பாளையத்துல "அம்மா கண்ணு எரியுது"ன்னா. ஜனவரிலயே இப்படின்னா மே மாசம் 40 டிகிரி தாண்டுறப்ப என்ன பண்ணுவோம்னு அவரு கேட்டதுல தப்பே இல்ல. நத்தம் ரோட்ல கலைஞர் நூலகத்துக்குக் கூட்டிட்டுப் போய் ஏசில உக்கார வெச்சேன், 2023ல தொறந்தாங்க, குழந்தைங்க பகுதில பாப்பா போன வேகத்துக்கு அவள வெளிய கூட்டிட்டு வர ரெண்டு மணி நேரம் ஆச்சு. இங்க வந்தா வாரா வாரம் வரலாமான்னு கேட்டா. அவரு என்னப் பாத்த பார்வைல, "லைப்ரரிய வெச்சு விளையாடாத"ன்னு இருந்துச்சு.

அன்னைக்கு ராத்திரி மலை ஏறுறப்ப ஒரு விவாதம், அதுல நானே மாட்டிக்கிட்டேன். எங்க ஊருப் பெருமை பேசுறேன்னு பாப்பாவுக்குக் கதை சொன்னேன், கொடைக்கானலே மதுரைக்காரங்க உண்டாக்குன ஊரு தான், 1845ல மதுரைல இருந்த அமெரிக்க மிஷன்காரங்க தான் முதல்ல மேல வந்து ரெண்டு பங்களா கட்டுனாங்க, 1863ல ஏரிய உண்டாக்குன லெவிஞ்சு துரை கூட மதுரை கலெக்டரா இருந்தவரு தான், 1985 வரைக்கும் நாங்க மதுரை மாவட்டம் தான், திண்டுக்கல் பிரிஞ்சதெல்லாம் அப்புறம், அம்மாச்சி இன்னமும் மதுரை ஜில்லான்னு தானே சொல்றாங்கன்னு. அவரு ஸ்டியரிங்க புடிச்சுக்கிட்டே கேட்டாரு, "மிஷன்காரங்க ஏன் மேல வந்தாங்க?" காய்ச்சலும் வெயிலும் தாங்காமன்னேன். "அதான். மதுரை வெயில் தாங்காம ஓடி வந்தவன் கட்டுன ஊர்ல பொறந்துட்டு, நீ திரும்ப மதுரைக்கே போலாங்கற." டம்டம் பாறை வர்ற வரைக்கும் எனக்குப் பேச்சு வரல. பாப்பா வேற கை தட்டுறா.

இப்ப வாக்கர் கதை.

போன அக்டோபர், நல்ல மழை. சாயங்காலம் ஆறு மணி இருக்கும், அம்மா கொல்லைல இருந்திருக்காங்க, சௌசௌ பந்தல் பக்கம் காட்டுமாடு வந்துருச்சு. எங்க ஊர்ல காட்டுமாடு புதுசு இல்ல, கொடைக்கானல் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் நடந்து வரும், போட்டோ எடுக்குறவங்களுக்குத் தான் அது அதிசயம். அம்மா அவசரமா உள்ள வரப் போய் பாசிப் படில வழுக்கிட்டாங்க. இடுப்பு எலும்பு. அரை மணி நேரம் மழைல கெடந்திருக்காங்க, பக்கத்து வீட்டு அண்ணன் கோழி கத்துதேன்னு எட்டிப் பாத்து 108க்கு சொல்லி, கொடைக்கானல் ஜிஹெச் போய், எக்ஸ்ரே எடுத்து, ஊசி போட்டு, ஆபரேஷன் பண்ணணும் கீழ கொண்டு போயிருங்கன்னு சொல்லிட்டாங்க.

இந்த "கீழ"ங்கற வார்த்தையத் தான் நான் எங்க வீட்டுக்காரருக்குப் புரிய வைக்க முடியாம மூணு மாசம் கஷ்டப்பட்டேன். மலைல இருந்து எந்தப் பக்கம் இறங்குனாலும் கீழ தானே. ஆனா நாங்க "கீழ போறேன்"னு சொன்னா அது வத்தலகுண்டு பக்கம். பழனிக்குப் போறவங்க பழனிக்குப் போறேன்னு தான் சொல்லுவாங்க. கல்யாணத் துணி எடுக்கக் கீழ, பல்லு புடுங்கக் கீழ, காலேஜ் சேரக் கீழ, பொணம் கொண்டு வர்றதும் கீழ இருந்து தான். ஆம்புலன்ஸ் டிரைவர் கிட்ட யாரும் மதுரைன்னு சொல்லல, அவரு கேக்கவும் இல்ல, பெருமாள்மலை ஜங்ஷன்ல வண்டி தானா வத்தலகுண்டு ரோட்ல திரும்பிருச்சு. க.விலக்குல இருக்குற தேனி மெடிக்கல் காலேஜா மதுரையான்னு தான் பேச்சு, அண்ணன் மதுரைன்னுட்டாரு.

எனக்கு ஃபோன் வந்தது ஏழரை மணிக்கு. மேடவாக்கத்துல இருந்து கிளாம்பாக்கம் போய் சேரவே ஒம்பது தாண்டிருச்சு, ட்ரெயின் புடிக்க முடியல, கிடைச்ச பஸ்ல டிரைவர் பின்னாடி சீட்டு. ராத்திரி பூரா அண்ணன் மெசேஜ். ஒட்டன்சத்திரத்துல பெருசா லோடு ஏத்துன லாரி மாதிரி ஒவ்வொரு மெசேஜும் நெஞ்சு மேல ஏறி இறங்குது. "ஊத்து தாண்டிட்டோம்." "மரம் விழுந்து கெடக்கு, வெட்டிட்டு இருக்காங்க." "காமக்காபட்டி வந்தாச்சு." "அம்மா பேசறாங்க." பதினொண்ணரைக்கு ஆஸ்பத்திரி. பாரத்துல கையெழுத்து அண்ணன் போட்டாரு, உறவு முறைங்கற எடத்துல மகன்னு எழுதிட்டாரு, நான் காலைல ஆறே முக்காலுக்குப் போய் நின்னேன், அம்மா என்னப் பாத்துட்டு முதல்ல கேட்டது பாப்பாவ யாரு கிட்ட விட்டுட்டு வந்தன்னு.

மதுரைல இருந்திருந்தா ஆம்புலன்ஸ் வர்றதுக்கு முன்னாடி நான் ஆஸ்பத்திரி வாசல்ல நின்னுருப்பேன். இதத் தான் அவரு கிட்ட சொன்னேன். அவரும் நியாயமாத் தான் பேசுனாரு. கோயம்புத்தூர்ல இருந்தாலும் நாலரை அஞ்சு மணி நேரத்துல மதுரை வந்திருக்கலாம், நடு ராத்திரிக்குள்ள நீ அங்க இருந்திருப்ப, சென்னைய விட அது எவ்ளோ மேல். இல்லன்னா அத்தைய கோயம்புத்தூருக்கே கொண்டு வரச் சொல்லிருக்கலாம், எலும்புக்கு அங்க பேரு வாங்கின ஆஸ்பத்திரி இல்லாததா. எல்லாமே சரி. ஆனா மழை ராத்திரில, இடுப்பு உடைஞ்சு கெடக்குற மனுஷியப் பழனி ரோட்ல இறக்கி, அங்கிருந்து நூறு கிலோமீட்டருக்கு மேல கொண்டு போகச் சொல்லி அந்த அண்ணன் கிட்ட நான் எந்த வாய வெச்சுக் கேப்பேன்? அவருக்குத் தெரிஞ்ச டாக்டர், தெரிஞ்ச டீக்கடை, ரத்தம் குடுக்க வர்ற சொந்தக்காரப் பசங்க எல்லாம் இந்தப் பக்கம். நாங்க எங்க குடியிருந்தாலும் எங்கம்மா இறங்கப் போறது வத்தலகுண்டு ரோட்ல தான்.

அம்மா கிட்ட கேட்டா அவங்க ஓட்டு கோயம்புத்தூருக்கு. பொங்கல் அன்னைக்கு அடுப்படில வெச்சு, "மாப்ள வேலை அங்க தானே இருக்கு, அங்கயே போங்க. தண்ணி நல்லாருக்கும், புள்ளைக்கு வேர்க்குரு வராது. எனக்காக ஒண்ணும் மதுரை வெயில்ல வந்து காய வேண்டாம். நான் இங்கிட்டு நல்லாத் தான் இருக்கேன்"னாங்க. எங்க கூட வந்துருங்கன்னு சொன்னதுக்கு வழக்கமான பதில், காபிச் செடிய யாரு பாக்குறது. முப்பது சென்ட்டுங்க, டாடா காபி எஸ்டேட் மாதிரி பேசுவாங்க.

அப்புறம் தான் சுவத்தப் பாத்தேன். அடுப்படிக்கும் ஹாலுக்கும் நடுவுல, கீழ விழுந்து கெடந்தாலும் கண்ணுக்குத் தெரியற உயரத்துல, பழைய காலண்டர் அட்டைல மார்க்கர் பேனாவால கொட்டை கொட்டையா நம்பர் எழுதி ஒட்டி வெச்சிருந்தாங்க. முதல்ல 108. ரெண்டாவது பக்கத்து வீட்டு அண்ணன். மூணாவது ஜங்ஷன் டாக்ஸி ஸ்டாண்ட். நாலாவதா நான். கோவிச்சுக்க முடியாது, சரியாத் தான் எழுதி வெச்சிருக்காங்க, 500 கிலோமீட்டருக்கு அந்தாண்ட இருக்கறவளுக்கு முதல்ல ஃபோன் போட்டு என்ன பிரயோஜனம். நான் ஒண்ணும் பேசாம அவரக் கூப்புட்டுக் காட்டுனேன். அவரு ரொம்ப நேரம் அத படிச்சுக்கிட்டு நின்னாரு, நாலு வரி தான். அன்னைக்கு ராத்திரி லேப்டாப் தொறந்தாரு, எக்செல்ல பதிமூணாவது ரோவுல மார்க்க மாத்துவாருன்னு நெனச்சேன், மேனேஜருக்கு மெயில் அடிச்சாரு. மாசத்துல நாலு நாள் கோயம்புத்தூர் ஆபீஸ் வர்றேன், மிச்சம் வீட்ல இருந்து பாக்கலாமான்னு.

சரின்னு பதில் வர பத்து நாள் ஆச்சு. சும்மா வரல, கோயம்புத்தூர்ல அவருக்கு வர வேண்டிய லீட் போஸ்ட் வேற ஒருத்தருக்குப் போயிருச்சு. இத எழுதாம விடலாம்னு பாத்தேன், ஆனா மதுரைன்னு முடிவு சொன்ன உடனே எல்லாரும் "சூப்பர், அம்மா பக்கத்துல"ன்னு இதயம் அனுப்புறீங்க, யாரோ ஒருத்தர் அதுக்குக் காசு கட்டிருக்காருன்னு தெரியணும்ல. அவரு ஒரு வார்த்த குத்திக் காட்டல. ஏசி மட்டும் ரெண்டு ரூம்லயும் வேணும்னாரு, அது ஞாயம்.

விளாங்குடி அந்த ஜல்லிக்கட்டு ஓனர் வீட்டுக்குத் தான் அட்வான்ஸ் குடுத்திருக்கோம். திண்டுக்கல் ரோட்டு மேலயே இருக்கறதால ஊருக்குள்ள மாட்டாம நேரா வத்தலகுண்டு பக்கம் ஓடிரலாம், அம்மா வீடு மூணு மணி நேரம். அரப்பாளையம் பஸ் ஸ்டாண்டு பக்கம், கொடைக்கானல் பஸ்ஸும் அங்க இருந்து தான், தாராபுரம் பல்லடம் வழியா கோயம்புத்தூர் பஸ்ஸும் அங்க இருந்து தான், அதனால மாசத்துல நாலு நாள் அவரு ஒரு பஸ்ஸுக்கும் நான் ஒரு பஸ்ஸுக்கும் ஒரே ஆட்டோல போய் இறங்கலாம். ஸ்கூல் இன்னும் முடிவாகல, ரெண்டு எடத்துல அப்ளிகேஷன் குடுத்திருக்கோம். மே பத்தாம் தேதி வாக்குல சாமான் ஏத்தணும், நல்ல பேக்கர்ஸ் யாராச்சும் தெரிஞ்சா சொல்லுங்க, போன தடவ பீரோ கண்ணாடிய உடைச்சவங்க வேண்டாம்.

அம்மாவுக்கு ஃபோன் பண்ணி சொன்னப்ப ரொம்ப நேரம் திட்டுனாங்க. மாப்ள வேலையக் கெடுத்துட்டியே, அறிவு இருக்கா, மேல இருக்கவளுக்கு என்ன கேடு வந்துச்சுன்னு. திட்டி முடிச்சுட்டு, "மே மாசம் எதுக்கு அந்த வெயில்ல சாமானத் தூக்குறீங்க, சாமான மட்டும் எறக்கிப் போட்டுட்டு மூணு பேரும் நேரா இங்க வந்துருங்க, ஜூன்ல ஸ்கூல் தொறக்குற அன்னைக்கு எறங்குனாப் போதும்"னாங்க. அவருக்கு அது பயங்கர சந்தோஷம், வெயில் ரோவுல மதுரைக்கு ரெண்டு மார்க் ஏத்திட்டாரு. ஒரே ஒரு தொல்லை, அட்ரஸ் மாத்துனாலும் எங்க கார் வெளியூர் கார் தான், கொடைக்கானல் வர்ற வெளியூர் வண்டிங்களுக்கு 2024 மே மாசம் ஆரம்பிச்ச இ-பாஸ் இன்னும் இருக்கு, 2025 சீசன்ல வார நாள்ல 4000 வண்டி, சனி ஞாயிறு 6000 வண்டின்னு கணக்கு வேற வெச்சிருந்தாங்க. எங்க அம்மா வீட்டுக்குப் போறதுக்கு நான் பாஸ் எடுக்கணும். பொங்கலுக்குப் போனப்ப செக்போஸ்ட்ல இருந்த தம்பி ஃபோன வாங்கி ஸ்கேன் பண்ணிட்டு, "எத்தன நாள் டூர்க்கா?"ன்னு கேட்டாரு. பாப்பா பின் சீட்ல இருந்து கத்துறா, "டூர் இல்ல, அம்மாச்சி வீடு!"